‘ஒரே இடத்துல வேண்டாம் அக்கா’: ஊசிப் பழக்கமும் எச்.ஐ.வி.யும் உள்ள ஒருவர் தன் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்த விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் வருபவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. குலசேகரத்துக்கு மேலே மலைச்சரிவில் ஒரு தோட்டத்தில் வேலை. முதன்முதலாக என்னிடம் வந்தபோது முப்பது வயது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடு இருந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வேண்டாம் என்று அவர் சொன்ன இரண்டு இடங்களை எடுத்துவிட்டேன். வயது, ஊர், குடும்பம் பற்றிய விவரங்களை ஆள் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். நான் நாகர்கோவிலில் எச்.ஐ.வி. உள்ளவர்களோடு வேலை செய்யும் ஆலோசகர், மருத்துவர் இல்லை. மருந்து பற்றி இங்கே சொல்வதெல்லாம் அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்கள் முடிவு செய்தது.

ஊசி வழியாக எச்.ஐ.வி. என்றால் நம் நாட்டில் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, பஞ்சாப் என்றுதான் பேச்சு வரும். தமிழ்நாட்டில் சென்னையைச் சொல்வார்கள். குமரி மாவட்டத்தில் என் பதிவேட்டில் இப்படி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆள் குறைவாக இருப்பது அவர்களுக்கு எந்த வகையிலும் நல்லதாக முடியவில்லை. நூறு பேரில் ஒருவராக வரிசையில் நிற்கும்போது அந்த ஒருவர் தனியாகத் தெரிகிறார். எங்களுக்கும் அவர்களிடம் என்ன கேட்பது என்ற பழக்கம் இல்லாமல் போகிறது. இவர் விஷயத்தில் எனக்கு நடந்தது அதுதான்.

வந்த வழி

இருபத்து சொச்சம் வயதில் கொச்சிக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். கூடத் தங்கியிருந்தவர்கள் புப்ரினார்ஃபின் என்ற, அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்தின் ஆம்பூலை ஊசியில் ஏற்றிக்கொள்பவர்கள். ஒரே ஊசியை நாலைந்து பேர் மாற்றிமாற்றிப் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். ஊருக்குத் திரும்பியபின் ஆம்பூல் கிடைக்காத நாட்களில் டேபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றியிருக்கிறார். வாயில் போடுவதற்காகச் செய்த மாத்திரை அது. அதில் சேர்த்திருக்கும் மாவுப்பொருள் தண்ணீரில் முழுக்கக் கரையாது. நரம்பை அடைக்கும், சதையில் இறங்கினால் புண்ணாகும். 2018 அக்டோபர் கடைசியில் இடது முழங்கைக்குக் கீழே சீழ்க்கட்டி வந்து கை வீங்கிவிட்டது.

ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். கட்டியைக் கீறுவதற்கு முன் ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் அவருடைய தாளில் சிவப்பு மையில் ஏதோ எழுதி வட்டம் போட்டிருந்தது. கட்டுப் போட வந்தவர்கள் இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்கள். கூட நின்ற மச்சானை வெளியே கூப்பிட்டுப் பேசினார்கள். சாயங்காலமே வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். தனக்கு எச்.ஐ.வி. இருப்பது அவருக்கு மச்சான் வாயால், பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் தெரியவந்தது.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக்கூடாது, முடிவை அவர் அனுமதி இல்லாமல் மற்றவரிடம் சொல்லக்கூடாது, எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி சிகிச்சை மறுக்கக்கூடாது என்கிறது அது. அப்போது அந்தச் சட்டத்துக்கு இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பின்னாளில் புகார் கொடுக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். பெயரை மறைத்து வழக்கு நடத்தவும் சட்டத்தில் வழி இருப்பதைச் சொன்னேன். “பெயர மறைச்சாலும் மச்சான் வந்து சாட்சி சொல்லணும்லா?” என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அது அவருடைய முடிவு.

முதல் தவறு என்னுடையது

2019 ஜனவரியில் என்னிடம் வந்தார். நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்த அணுக்களான சி.டி.4 அளவு 200க்குக் கீழே இருந்தது. 2017லிருந்து நம் நாட்டில் சி.டி.4 எவ்வளவாக இருந்தாலும் எச்.ஐ.வி. உறுதியானவுடன் கூட்டு மருந்து கொடுப்பதுதான் முறை. இவருக்கோ அவசரமே இருந்தது. நாகர்கோவிலில் வேண்டவே வேண்டாம் என்றார். “ஊர்ல பாதிப்பேரு ஆஸ்பத்திரிக்கு அங்கதான் வருவினும். பாத்தா சொல்லுவினும்.” திருவனந்தபுரத்தில் பதிவு செய்ய ஏற்பாடு செய்தோம். மாதம் ஒரு நாள் களியக்காவிளை தாண்டிப் போய் மாத்திரை வாங்கி வருவார். மற்ற இடங்களில் தூரம் என்றால் அது ஒரு தடை. இவருக்குத் தூரம்தான் முதல் தேவையாக இருந்தது.

அப்போது கொடுத்த மாத்திரை டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் மூன்றும் சேர்ந்தது. எஃபாவிரென்ஸ் தலைசுற்றலும் விசித்திரக் கனவுகளும் தரும் என்பதால் படுக்கும் நேரத்தில் போடச் சொல்வது வழக்கம். நானும் அதையே சொல்லி, “ராத்திரி 10 மணிக்குப் போடுங்க தம்பி, மறக்காதீங்க” என்று நேரத்தையும் குறித்துக் கொடுத்தேன். ஐந்து வாரத்தில் நிறுத்திவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. போனையும் எடுக்கவில்லை.

ஜூனில் திரும்பி வந்தார், வலது முட்டியில் பெரிய தழும்போடு. என் பதிவில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி வைத்திருந்தேன். அந்த வார்த்தையை எழுதியதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக, ஏன் மாத்திரை போடவில்லை என்பதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டேன்: “உங்களுக்கு எப்படி வைத்தியம் பார்த்தால் ஒத்துவரும்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

பால்வெட்டுக்காரர் ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். நான் சொன்ன 10 மணிக்காக அலாரம் வைத்து எழுந்து மாத்திரை போட்டிருக்கிறார். இரண்டரைக்கு மறுபடி எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் வெட்டுக்கத்தியோடு சரிவில் ஏற வேண்டும். எஃபாவிரென்ஸ் ரத்தத்தில் உச்சத்துக்குப் போவது போட்டு மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில். சரியாக அவர் இருட்டில் மரத்துக்கு மரம் நடக்கும் நேரம். நாலாவது வாரம் கால் தடுமாறி, கல் அடுக்கிய திட்டிலிருந்து கீழே விழுந்திருக்கிறார். கத்தி முட்டியில் இறங்கியிருக்கிறது. “சாவுக்கு மாத்திர போடுறதா, மாத்திரயால சாவுறதான்னு ஆயிட்டு அக்கா.”

இதைச் சொல்ல அவருக்கு ஆறு மாதம் ஆனதற்கு, எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று நான் கேட்காததைத் தவிர வேறு காரணம் இல்லை. மருத்துவரிடம் பேசினோம். பால்வெட்டுக்காரருக்கு இன்னொரு தூக்கமும் உண்டு. பால் எடுத்து, ஷீட்டு அடித்து, குளித்து முடித்தால் நண்பகல். அதன்பின் மூன்று மணி வரை படுப்பார். சாப்பாட்டுக்கு முன், வெறும் வயிற்றில், அந்த மத்தியானத் தூக்கத்துக்கு மாத்திரையை மாற்றினார் மருத்துவர். எண்ணெய், கொழுப்போடு சேர்ந்தால் இந்த மருந்து ரத்தத்தில் அதிகமாக ஏறும் என்பதால் மீன் வறுவலுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். முதல் வாரம் கொஞ்சம் கிறக்கம் இருந்தது. அதன்பின் ஒருநாளும் விடவில்லை.

அவர் கேட்டவை

அன்றைக்கு அவர் சொன்னவற்றை நான் அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். எங்கள் படிவங்களில் அதற்குக் கட்டம் எதுவும் இல்லை, தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்.

ரத்தம் எடுப்பதைப் பற்றித்தான் முதலில் பேசினார். அவருடைய கை நரம்புகள் ஊசி போட்டுப்போட்டு இறுகிவிட்டன. ஒவ்வொரு முறையும் புதிதாக யாராவது வந்து இரண்டு கையிலும் ஆறேழு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, “நரம்பே இல்லையே” என்று பக்கத்தில் உள்ளவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொல்வார்கள். சி.டி.4, வைரஸ் அளவுப் பரிசோதனைகளுக்கு அவர் வராமல் தப்பித்ததெல்லாம் இதனால்தான். “எந்த எடத்துல ரத்தம் வரும்னு எனக்குத் தெரியும். நான் காட்டுற எடத்துல குத்தச் சொல்லுங்க, அது போதும்.” கேட்டால் சின்ன விஷயம். ஆனால் ஊசி போட்ட ஒருவரின் அறிவை மருத்துவமனை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆய்வகத்தில் ஒரு மூத்த டெக்னீஷியனிடம் தனியாகப் போய்ப் பேசினேன். “அவர் காட்டட்டும், நான் எடுக்கிறேன்” என்றார். அதன்பின் ஒரே குத்துதான். ரத்தம் சிரிஞ்சில் ஏறும்போது தன் கண்ணில் படக்கூடாது என்றும் கேட்டிருந்தார். அதைப் பார்த்தால் பழைய ஆசை எழும் என்றார். டெக்னீஷியன் ஒரு துணியை மேலே போட்டுக்கொள்வார்.

பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், டோக்கன் நம்பர் போதும் என்றார். காலை 11 மணிக்கு முன் வர முடியாது, மழை இல்லாத நாளில் பாலை விட்டுவிட்டு வந்தால் அன்றைய கூலி போச்சு என்றார். வீட்டில் கல்லீரல் வியாதி என்று சொல்லியிருக்கிறேன், யாராவது வந்தால் அதையே சொல்லுங்கள் என்றார். மாத்திரைக் குப்பி வேண்டாம், பையில் கிடந்து கிலுங்குகிறது என்றார். பஞ்சு வைத்து அடைத்துக்கொள்ளச் சொன்னேன்.

என்னை யோசிக்க வைத்தது கடைசியாகக் கேட்டது. ஊசியை விட அவருக்கு விருப்பம் இருந்தது. அதற்கு மனநல மருத்துவரிடம், ஊசிக்குப் பதிலாக அதே புப்ரினார்ஃபினை நாக்கடியில் வைக்கும் மாத்திரையாகத் தினமும் நேரில் போய் எடுத்துக்கொள்ளலாம். இதையும் எச்.ஐ.வி. மருந்தையும் ஒரே இடத்தில் கொடுப்பது நல்லது என்றுதான் நாங்கள் படித்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் அதுதான். அலைச்சல் குறையும், இரண்டு மருந்தும் விடுபடாது. நானும் ஆர்வமாக அதைச் சொன்னேன்.

“ஒரே இடத்துல வேண்டாம் அக்கா. அந்த மருந்துக்கு என்கூட ஊசி போட்டவனுவளும் வருவானுவ. அவனுவளுக்கு நான் ஊசிக்காரன்னு தெரியும், அது பரவால்ல. மத்தது தெரியாண்டாம். இதுக்கு வாறவங்களுக்கு எனக்கு எச்.ஐ.வி.ன்னு தெரியும், அது பரவால்ல. நான் ஊசிக்காரன்னு தெரியாண்டாம்.”

ஒரே கூரை என்பது அமைப்பை நடத்துகிறவர்களுக்கும் பல நோயாளிகளுக்கும் வசதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஒரு சின்ன மாவட்டத்தில் அந்தக் கூரைக்குக் கீழே இரண்டு ரகசியமும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு ரகசியத்தையும் தனித்தனியாகச் சுமக்க அவருக்குத் தெம்பு இருந்தது. இரண்டும் ஓரிடத்தில் உடைந்தால் தாங்கமாட்டேன் என்றார்.

இதில் ஒரு நிஜமான ஆபத்தும் உண்டு. ஒரு மருத்துவர் கொடுப்பது இன்னொருவருக்குத் தெரியாவிட்டால் மருந்துகள் மோதிக்கொள்ளலாம். எஃபாவிரென்ஸ் உடம்பில் புப்ரினார்ஃபின் அளவைக் குறைக்கும். நாளைக்குக் காசநோய் வந்து ரிஃபாம்பிசின் கொடுத்தால் அது இன்னும் குறைக்கும், கைகால் முறுக்கும் மூக்கொழுகலும் மறுபடி தொடங்கிவிடும். இதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். யோசித்து அவரே ஒரு வழி சொன்னார்: “டாக்டர்மாரு ரெண்டு பேருக்கும் தெரியட்டும். மருந்து எடுத்துக் கொடுக்கிற எடத்துல தெரியாண்டாம்.” அப்படியே செய்தோம். அவருடைய எழுத்துச் சம்மதத்தோடு இரண்டு மருத்துவர்களுக்கும் இடையே கடிதங்களை நானே மூடிய உறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாக்கடியில் வைக்கும் மருந்து

2019 ஆகஸ்டில் தொடங்கினார். முதல் மாதம் தினமும் பால் வேலை முடித்து ஓடிவந்து, மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து சேர்வார். நடுவில் மூன்று முறை ஊசிக்குத் திரும்பினார். அந்த நாட்களுக்குப் புது ஊசி கொடுத்தேன். பாதிப்பைக் குறைக்க இப்படிச் செய்வது குற்றமாகாது என்று 2017 சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் கொடுக்கும்போது எனக்குக் கை கூசியது என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் என்னைத் தேடி வந்ததே போதும் என்று பிறகு புரிந்தது.

அவருடைய அம்மாவுக்கு ஊசிப் பழக்கம் தெரியும். ஒருநாள் அவரும் கூட வந்தார். மாத்திரையின் பெயரை மகனிடம் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். “இவன் கொச்சியில போட்டதும் இதுதானே? அதே விஷத்தத்தான் நீங்களும் கொடுக்கிறீங்களா?” நியாயமான கேள்வி. ஊசியில் போனால் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும், இறங்கியதும் அடுத்த ஊசியைத் தேடச் சொல்லும். நாக்கடியில் வைத்தால் பைய ஏறி ஒரு நாள் முழுக்க நிற்கும். ஓர் அளவுக்கு மேல் கூட்டினாலும் கிறக்கம் அதற்கேற்பக் கூடாது. உடம்பு முறுக்காததால் ஆள் வேலைக்குப் போவார், சாப்பிடுவார், தூங்குவார். இதைச் சொன்னேன். அவர் நம்பியது என் விளக்கத்தை அல்ல என்று நினைக்கிறேன். அந்த ஓணத்துக்கு மகன் கூலியைக் கையில் கொண்டுவந்து கொடுத்ததை நம்பினார்.

உக்ரைன், இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய 3 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2018ல் வெளியானது. ஊசிப் பழக்கமும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து உள்ளவர்களுக்கு, சேவைகளுக்கு வழிகாட்டக் கூடவே ஓர் ஆளும் ஆலோசனையும் கொடுத்தபோது, வழக்கமான சேவை மட்டும் பெற்றவர்களைவிட இறப்பு ஏறத்தாழப் பாதியாக இருந்தது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போகும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

2020 மார்ச்

மார்ச் 25ல் ஊரடங்கு. களியக்காவிளையில் எல்லை அடைபட்டது. தூரம் பார்த்து அவர் தேர்ந்தெடுத்த திருவனந்தபுரம் ஒரே நாளில் எட்டாத இடமாகிவிட்டது. கையில் 9 நாள் மாத்திரை இருந்தது. ராத்திரி போன் செய்து அழுதார். மூன்று நாளில் பதிவை நாகர்கோவிலுக்கு மாற்றினோம். பயந்தபடி ஊர்க்காரர்கள் யாரும் அங்கே இல்லை. ஊரடங்கில் எவரும் வெளியே வரவில்லை. மாத்திரையை மார்த்தாண்டத்தில் வைத்து எங்கள் களப்பணியாளர் கையில் கொடுத்தார்.

புப்ரினார்ஃபினை வீட்டுக்குக் கொண்டுபோக அந்த நாட்களில் அனுமதித்தார்கள். ஒரு வாரத்துக்கு மொத்தமாகக் கொடுத்தார் மருத்துவர். விற்றுவிடுவாரோ, ஒரே நாளில் போட்டுவிடுவாரோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணிப் பார்த்தபோது ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. பின்னாளில் எதெது உதவியது என்று கேட்டபோது, மருந்தையோ ஆலோசனையையோ அவர் முதலில் சொல்லவில்லை. “ஏழு மாத்திரய என் கையில நம்பித் தந்தாங்கல்லா” என்றார். ஊரடங்கு முடிந்தபின்னும் வாரம் ஒருமுறை என்ற ஏற்பாட்டை மருத்துவர் அவருக்கு மட்டும் தொடர்ந்தார்.

கல்லீரல் சரியானபின்

2021ல் எஃபாவிரென்ஸுக்குப் பதில் டோலுடெகிராவிர் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினார்கள். கிறக்கம் இல்லை, நேரத்தைப் பற்றிய கவலை போயிற்று. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இருப்பதும் தெரிந்திருந்தது. பகிர்ந்த ஊசியில் இரண்டும் சேர்ந்தே வருவது வழக்கம். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தில் இதற்கு மருந்து இலவசம். சோஃபோஸ்புவிரும் டக்ளடாஸ்விரும் 12 வாரம் போட்டார். முடித்து 12 வாரம் கழித்துப் பரிசோதித்தபோது அந்த வைரஸ் இல்லை.

எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அவர் மட்டும் முகம் வாடி வந்தார். இத்தனை வருடமும் வீட்டில் கல்லீரல் மாத்திரை என்று சொல்லித்தான் எச்.ஐ.வி. மாத்திரையைப் போட்டுவந்தார். இப்போது அம்மா கேட்டிருக்கிறார்: “ஈரல் சரியாயிட்டுன்னு டாக்டர் சொல்லியாச்சே, பின்ன இது எதுக்கு மக்கா?” பதில் இல்லை. “ஒரே வெப்ராளமா இருக்கு அக்கா.”

சொல்வதா வேண்டாமா என்று நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்வதென்றால் எங்கே, யார், எப்படி என்பதை மட்டும் கேட்டேன். வீட்டில் வேண்டாம், என் அறையில் வேண்டும், தானே சொல்வேன், நான் பக்கத்தில் இருந்தால் போதும், டாக்டர் வேண்டாம், அம்மா அழுதால் நான் சமாதானம் சொல்லக்கூடாது, அழட்டும் என்றார். இவ்வளவு துல்லியமாக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

சொன்னார். அம்மா அழவில்லை. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருப்பதையும், அப்படி இருக்கும்வரை உடலுறவு வழியாகக்கூடப் பரவாது என்பதையும் அவரே விளக்கினார், நான் அவருக்குச் சொன்னதைவிடத் தெளிவாக. அம்மா ஒன்றை மட்டும் கேட்டார். “இது அவனுக்குத் தெரியுமா?” மச்சானைத்தான் கேட்டார். ஆமாம் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். “மூணு வருசமா எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்காம அவன் போனது இதுக்குத்தானா? அவனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாண்டாமா?” அந்தத் தனியார் மருத்துவமனையில் யாரோ ஒருவர் வாய் தவறியது அன்றைக்குத்தான் இந்தத் தாயை வந்து அடைந்தது.

இப்போதைய நிலை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. மாத்திரை, வாரத்துக்கு ஒருமுறை புப்ரினார்ஃபின், இரண்டும் நாகர்கோவிலில், இரண்டு வெவ்வேறு கட்டடத்தில். அம்மாவுக்குத் தெரிந்தபிறகு ஒரே இடத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சில நாடுகளில் எச்.ஐ.வி.க்குத் தினசரி மாத்திரைக்குப் பதிலாக மாதக்கணக்கில் நிற்கும் ஊசி வந்திருப்பதைச் சொன்னேன். மாத்திரைச் சுமை போகுமே, விரும்புவார் என்று நினைத்தேன். “ஊசின்னு கேட்டாலே கை துடிக்கு அக்கா, மாத்திரயே போதும்” என்றார்.

நாங்கள் ஒத்துப்போகாத இடம் ஒன்று இருக்கிறது. புப்ரினார்ஃபினை நிறுத்த வேண்டும் என்கிறார். நிறுத்தினால் பழைய பழக்கம் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவரும் நானும் சொல்லிவிட்டோம். அப்படியும் நிறுத்துவது அவர் முடிவென்றால் ஒவ்வொரு தடவையும் 0.4 மில்லிகிராம் வீதம் மெல்ல மெல்லக் குறைக்கிறேன் என்று மருத்துவர் ஒத்துக்கொண்டார். எப்போது தொடங்குவது என்பதில்தான் இழுபறி. ரப்பர் இலை உதிர்ந்து பால் வெட்டு நிற்கும் மாதங்களில் தொடங்கலாம், தூக்கம் கெட்டாலும் இருட்டில் மலை ஏற வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. வேலை இல்லாமல் சும்மா இருக்கும் மாதங்கள்தான் அவருக்கு ஆபத்து, வெட்டு நடக்கும்போதே தொடங்கலாம் என்பது என் கணக்கு. முட்டித் தழும்பைத் தடவிக்கொண்டு, “போன தடவையும் நேரம் நீங்கதான் சொன்னீங்க” என்றார். அடுத்த மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறார், மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.